இருபத்தாறு கேபி

துறைமுகத்தில் ஐந்தாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
துணைமின் நிலையத்தில்
நானும் ஒரு தவளையும்.
காற்று அறுபதைத் தாண்டினால்
கடலோர ஃபீடர்களை நிறுத்தச் சொல்லி
ஏ.ஈ. போன் பண்ணுவார்.
நிறுத்தினால் டவர் போகும்,
டவர் போனால் நெட் போகும்.
அதற்குள் மூன்றாம் தடவையாகக் கேட்கிறது கைபேசி:
இடம் போதவில்லை,
எதையெல்லாம் மேகத்தில் ஏற்றட்டும்?

கடலூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது.
மேகத்தை நம்பி
நாங்கள் துணிகூடக் காயப்போட்டதில்லை.

பதினைந்து ஜிபி சும்மா தருகிறார்களாம்.
பதினான்கு ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது.
எங்கே போயிற்று என்று பார்த்தால்
முந்நூறு காலை வணக்கம்,
ரோஜாவோடு, பனித்துளியோடு,
எல்லாம் மாமனார் அனுப்பியவை.
அவர் முகம் ஒன்றில்கூட இல்லை.
அழித்தேன்.

பட்டா இருக்கட்டும்.
ரேஷன் கார்டு இருக்கட்டும்.
கல்பனா கடையிலிருந்து அனுப்பிய இரண்டு புடவை,
பச்சையா நீலமா என்று.
நான் பதில் போடவில்லை,
அவள் இரண்டையும் எடுத்துவிட்டாள்.
அந்தப் படங்கள் வேண்டாம். புடவைகளே இருக்கின்றன.

தாரிகா சைக்கிள் பழகிய வீடியோ,
சில்வர் பீச் ரோட்டில், நாலு நிமிஷம்.
அதில் மூன்றரை நிமிஷம்
லென்ஸை மறைத்த என் கட்டைவிரல்.
மீதி அரை நிமிஷத்தில் அவள் விழுகிறாள்,
விழுந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
கனமான கோப்பு. இருக்கட்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் தகடுகள், மீட்டர் எண்கள்,
தாழங்குடா கரையில் ஒதுங்கிய ஒரு திருக்கை,
யாருடையதென்று தெரியாத கல்யாணப் பத்திரிகை.

அதற்கும் கீழே
ஒரே ஒரு குரல்.
பதினொரு விநாடி.
'அண்ணே, சவரிமுத்து பேசுறேன்.
ராசாப்பேட்டை லைன் கிளியர்தானே? ஏறட்டா?'
பின்னால் காற்று, ஒரு டிவிஎஸ் ஹார்ன்.
குரலுக்குக் கீழே
நான் அனுப்பிய கட்டைவிரல்,
மஞ்சள் நிறத்தில்.
டீ கிளாஸைக் கீழே வைக்காமலே அனுப்பியது.

எவனோ வீட்டில் ஜெனரேட்டர் போட்டிருந்தான்,
பின்பக்கமாகக் கரண்ட் ஏறிவிட்டது
என்று விசாரணையில் எழுதினார்கள்.
உண்மைதான்.
உண்மையில் அதுவும் உண்டு.
ரிஜிஸ்டரில் அன்றைக்கு எல்சி எண் இல்லை.
என் போனை யாரும் கேட்கவில்லை,
நானும் நீட்டவில்லை.
நாலு வருஷமாக
அழிக்கவுமில்லை, கேட்கவுமில்லை.
போன் மாற்றியபோது புதுப் போனுக்கு
தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்றைக்கு ஒரு வழி இருக்கிறது.
டிக் போடாமல் விட்டுவிடலாம்.
கெடிலம் கரை தாண்டி உள்ளே வந்தால்,
சட்டைப்பையோடு இது நனைந்தால்,
நான் ஒன்றும் செய்யவில்லை,
தண்ணீர் செய்தது.
நல்ல காரணம்.
ஜெனரேட்டர் மாதிரி.

அளவைப் பார்த்தேன்.
இருபத்தாறு கேபி.
மாமனாரின் ஒரு ரோஜாவில்
பத்தில் ஒரு பங்குகூட இல்லை.
தராசு தப்பாயிருக்கும் என்று
இன்னொரு தடவை பார்த்தேன்.

போன் அடித்தது.
'கடலோரம் மூணையும் ஆஃப் பண்ணிடுங்க.'
'ஒரு நிமிஷம் சார்.'
'என்னய்யா ஒரு நிமிஷம்?'

டிக் போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே, மழைக்குப் பின்னால்,
ராசாப்பேட்டைப் பக்கம் விளக்குகள் இன்னும் எரிந்தன.
ஒவ்வொரு விளக்கடியிலும் ஒரு போன்,
யார் யார் என்னென்ன ஏற்றுகிறார்களோ.

அறுபத்தொரு சதவீதத்தில்
தாரிகாவின் சைக்கிள் நின்றுவிட்டது.
சவரி போய்ச் சேர்ந்துவிட்டான்.

பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
கையால் தொட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்தும் பார்த்தேன்.
ரிஜிஸ்டரைத் திறந்து
ஃபீடர் பெயர், மணி, நிமிஷம் எழுதினேன்.
பேனா இரண்டு தடவை எழுதவில்லை.
உதறி எழுதினேன்.